வாசிக்காமல் விட்ட பெயர்

கொல்லவிளை, பாறசாலை
14-9-1996

தம்பி சிவானந்தத்துக்கு அக்கா மரகதவல்லி எழுதுவது. இங்கே நானும் குற்றாலமும் சுகம். பிலாயில் நீ, பாகீரதி, கிருஷ்ணப்ரியா மூன்று பேரும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். ஓணத்துக்கு முன்னால் போட்ட கடிதத்துக்கே உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை.

போன வாரம் உன் தம்பி குற்றாலம் ரப்பர் ஷீட் ஏற்றிவந்த லாரியில் பின்னால் தொற்றிக்கொண்டு வெள்ளறடைக்குப் போய்விட்டான். நான் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். ஒரு ஆட்டோக்காரன் சாயா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். முப்பத்தெட்டு வயதாகிறது, மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது, "அக்கா, லாரி" என்று சிரிக்கிறான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிறகு அழுததும் நான்தான். அவன் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் முதல் சர்க்கார் பணத்தை நேரே பஞ்சாயத்துக் கையில் கொடுக்கப்போகிறதாம். எதற்குச் செலவழிப்பது என்று ஊர்க்காரர்கள் கிராம சபை கூடிச் சொல்ல வேண்டுமாம். நம் வார்டு மெம்பர் ஸ்ரீகுமாரி நல்ல பெண். குற்றாலத்தைப் போன்றவர்களுக்குப் பகல் நேரம் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வைக்கலாம் என்கிறாள். சோறு உண்டு, ஆயா உண்டு, கைவேலை சொல்லிக்கொடுப்பார்களாம். பெயர்களை மட்டும் கிராம சபையில் மைக்கில் வாசிப்பார்கள், ஆட்சேபணை உண்டா என்று எல்லாரையும் கேட்பார்கள். அதுதான் சட்டமாம்.

குற்றாலத்தின் பெயரைக் கொடுக்கட்டுமா? எனக்கும் ஐம்பத்து நாலாகிறது. எனக்குப் பிறகு அவன் யாருடைய லாரியில் ஏறுவான் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
மரகதம்


பிலாய்
2-10-1996

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் உடம்பும் குற்றாலத்தின் உடம்பும் நன்றாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். பதில் தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம், ஷிப்டு மாறி மாறி வருகிறது.

நல்ல செய்தி ஒன்று. கிருஷ்ணப்ரியாவுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் சுனில்குமார், பாங்கில் வேலை. அவன் அப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஆட்கள்தான், ஆனால் குடும்பத்தை ரொம்பப் பார்க்கிறவர்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நானும் அக்காவும் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குப் புரியும். நெய்யாற்றின்கரைக்கும் நம் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? மைக்கில் வீட்டுப் பெயரோடு சேர்த்து வாசித்தால் மறுநாளே அங்கே தெரிந்துவிடும். எனக்கு இருப்பது ஒரே பெண். கல்யாணம் முடியட்டும் அக்கா. அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

பாகீரதி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் தம்பி,
சிவானந்தம்


கொல்லவிளை
20-10-1996

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். கிருஷ்ணப்ரியா சம்பந்தம் நல்லபடி முடியட்டும். தேவிக்கு ஒரு விளக்கு நேர்ந்திருக்கிறேன்.

நீ சொன்னபடி செய்தாயிற்று. வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே குற்றாலத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அடுத்த வீட்டு சத்யபாமாவின் தங்கை வீட்டில் உட்காரவைத்தேன். நமக்கு என்ன குறைச்சல், பின்வாசலைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் கஞ்சி குடிக்கிறவனை இந்தப் பக்கத்து சர்க்கார் எண்ண முடியாது. இங்கே கள்ளச்சாராயக் குடத்தை ஓடை தாண்டிக் கொண்டு வைக்கிறவர்கள் உண்டு. நான் கூடப்பிறந்தவனைக் கொண்டு வைத்தேன். வந்த பிள்ளைகளிடம், இளையவன் பிலாயில் தம்பியோடு இருக்கிறான் என்று சொன்னேன்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. டீக்கடை கிருஷ்ணன்குட்டி எழுந்து, "ரோடு போட்டா ஊருக்கே ஆவும். நாலு புத்தியில்லாததுகளுக்கு வீடு வச்சுக் குடுத்து என்னத்துக்கு?" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "ரோடு போட்டா அதில வாற லாரிக்கு முன்னால போய் நிக்கியது இந்தப் பிள்ளையளாக்கும். அதுகளப் பெத்தவ ஒரு நாளு நிம்மதியாட்டு சந்தைக்குப் போய் வந்திருக்காளா? ஒனக்கு ரோடு, அவளுக்கு வீடு. ரெண்டும் சர்க்கார் பைசாதான்" என்றேன். பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ரோட்டுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒதுக்குவதென்று முடிவாயிற்று.

பெயர் சேர்க்கிற நேரம் வந்தது. ஸ்ரீகுமாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அக்கா, வீட்டில ஆரெங்கிலும் உண்டோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. குற்றாலத்தைத் தெரியாதவர் யார் அங்கே? சத்யபாமா தன் மகள் சுமியைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். உரிய ஆட்கள் கேட்காமல் பெயர் எழுதக் கூடாதாம், ஸ்ரீகுமாரி அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த இரண்டு சம்பந்தமும் எதனால் போயின என்று உனக்குத் தெரியும். அதனால் உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபம் வேறு, புரிவது வேறு. இப்போது கோபமாகத்தான் இருக்கிறேன்.

அக்கா,
மரகதம்


பிலாய்
15-12-1996

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு அனைவரும் நலம், அங்கும் அப்படியே இருக்க விரும்புகிறேன். குளிர் கடுமை.

அக்கா செய்த உதவியை நான் மறக்க மாட்டேன். நிச்சயம் முடிந்துவிட்டது. ஏப்ரல் மாதம் நெய்யாற்றின்கரை மண்டபத்தில் கல்யாணம். அத்தை என்ற முறையில் நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். உங்களுக்குப் பாலராமபுரம் புடவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு நாள் குற்றாலத்தை ஓடைக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொள்ள முடியுமா? நேரில் கேட்க எனக்கு நாக்கு எழாது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி,
சிவானந்தம்


கொல்லவிளை
10-2-1997

தம்பிக்கு, இங்கே சுகம், அங்கே சுகமறிய ஆவல். பல்லில் ஏதோ கோளாறு, திருவனந்தபுரத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தேன். இந்த வயதில் இடை வந்திருக்கிறதே அக்கா என்று சத்யபாமா கேலி செய்தாள்.

கல்யாண நாள் விஷயம், நீ கேட்டபடியே ஆகட்டும்.

வீட்டுக்குப் பஞ்சாயத்து கமிட்டியில் பணம் பாஸாகிவிட்டது. மூடிக்கிடந்த ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து வெள்ளை அடிக்கிறார்கள். பகலில் பத்துப் பேர். அதில் நாலு பேர் மட்டும் ராத்திரியும் தங்கலாம். அது சொந்தம் என்று ஒருவரும் இல்லாதவர்களுக்கு மட்டும். உறவு உள்ளவர்களை உறவுக்காரர் பார்க்கட்டும், பஞ்சாயத்தின் பணம் அதற்கு மேல் எட்டாது என்று ஸ்ரீகுமாரி விளக்கிச் சொன்னாள். நியாயந்தான்.

நான் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்ப்பேன். குற்றாலத்துக்கு அந்த வாசலில் கிடக்கும் மணல் பிடித்துவிட்டது, இழுத்தாலும் வர மாட்டேன் என்கிறான்.

மரகதம்


கொல்லவிளை
2-6-1997

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். குழந்தைகள் குருவாயூர் போய்வந்தார்களா? பாகீரதிக்குக் கால்வீக்கம் தேவலையா?

சாப்பிடாமல் போய்விட்டீர்கள் என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறாய். தாலி ஏறியதைக் கண்குளிரப் பார்த்தேன், போதும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள் என்று பாகீரதி கேட்டாள். வெயில் என்றேன். மண்டபத்துக்குள் என்ன வெயில் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. கல்யாண வீட்டுக்காரி பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் அவசரமாகப் போனது குற்றாலத்துக்காக. ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அவனை அறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டிருந்தார்கள். வேறு வழி இல்லை, ரோடு பக்கத்தில் இருக்கிறது. நான் திறந்தபோது கதவோரம் உட்கார்ந்து, "கிருஷ்ணப்ரியா கல்யாணம், கிருஷ்ணப்ரியா கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சட்டை எல்லாம் வியர்வை. மடியில் கட்டிக்கொண்டு வந்த லட்டைக் கொடுத்தேன். பாதியை எனக்குத் தந்தான்.

கல்யாணம் முடிந்தால் என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். இப்போது சொல்கிறேன். பகல் வீட்டில் பத்து இடமும் நிறைந்துவிட்டது. அடுத்த கிராம சபை வரைக்கும், ஒரு ஆறு மாதம், குற்றாலத்தை உன்னோடு வைத்துக்கொள். வந்து அழைத்துப் போ. அவன் தொந்தரவு செய்ய மாட்டான். வேளைக்குச் சோறும், ஜன்னல் பக்கம் ஒரு பாயும் போதும். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

அக்கா,
மரகதம்


பிலாய்
25-8-1997

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம். உங்கள் கடிதம் கிடைத்து உடனே எழுத நினைத்து, எழுத நினைத்து, நாள் போய்விட்டது.

அக்கா, இங்கே கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பது இரண்டே அறை. பாகீரதிக்கு பிரஷர் கூடியிருக்கிறது. கிருஷ்ணப்ரியா உண்டாகியிருக்கிறாள், இந்தச் சமயத்தில் சம்பந்தி வீட்டார் எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம். அவர்களிடம் சொன்ன வார்த்தையை இப்போது மாற்றினால் பெண்ணின் கதி என்ன? அவள் பிரசவம் முடியட்டும். அடுத்த வருஷம் கட்டாயம் ஒரு வழி செய்கிறேன்.

நீங்கள் தைரியசாலி. இத்தனை வருஷம் பார்த்துவிட்டீர்கள், இன்னும் கொஞ்ச நாள்தானே.

தம்பி,
சிவானந்தம்


கொல்லவிளை
5-10-1997

தம்பிக்கு, சுகம். கை கொஞ்சம் நடுங்குவதால் எழுத்து கோணலாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் நினைக்காதே.

கிருஷ்ணப்ரியாவைப் படி ஏறி இறங்க விடாதீர்கள். நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்.

குற்றாலத்துக்கு வேறு ஏற்பாடு பார்த்திருக்கிறேன். நீ இனி அவனைப் பற்றி எழுத வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

உன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

மரகதம்


பிலாய்
20-1-1998

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் இல்லை என்று எழுதிவிட்டு இப்படிப் பேசாமல் இருந்தால் எப்படி?

கிருஷ்ணப்ரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நெய்யாற்றின்கரையில்தான் இருக்கிறாள். ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குற்றாலத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல். என்ன ஏற்பாடு என்று எழுதவில்லையே.

இரண்டு வரியாவது எழுதுங்கள் அக்கா.

சிவானந்தம்


பாறசாலை
2-2-1998

மரியாதைக்குரிய சிவானந்தம் சாருக்கு, வார்டு மெம்பர் ஸ்ரீகுமாரி எழுதுகிறேன். தாங்களும் குடும்பமும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நான் நாலாம் வகுப்பு வரைதான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். அக்காவுக்கு வந்த உங்கள் கடிதத்தைப் போஸ்ட்மேன் என்னிடம் தந்தார்.

அக்கா டிசம்பரில் போய்விட்டார்கள். மார்பில் வந்த நோய். ஒரு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் அதற்குத்தான் மருந்து ஏற்றினார்கள். முடி எல்லாம் போயிருந்தது. உங்களுக்கு இது தெரியாது என்று எனக்குத் தெரியும். தந்தி அடிக்கிறேன் என்று நான் சொன்னேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் மக்கா. அவன் வந்து கொள்ளி வச்சா ஊரு முழுக்கப் பாக்கும். பிறகு குற்றாலத்துக்கு ஆளில்லன்னு ஒருத்தரும் சொல்ல ஏலாது" என்றார்கள். நெய்யாற்றின்கரைக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். குற்றாலத்தின் கையைப் பிடித்து நாங்கள்தான் கொள்ளி வைப்பித்தோம்.

ராத்திரி தங்குகிற இடத்தில் ஒன்று அப்போது காலியாக இருந்தது. ஜனவரியில் கிராம சபை கூடியது. நான் மைக்கில் குற்றாலத்தின் பெயரை வாசித்தேன். சத்யபாமா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். பெயரைக் கேட்டதும் அவர் எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். சொந்தம் யாரும் இல்லை என்று வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். கிருஷ்ணன்குட்டி எழுந்து, "பிலாயில அண்ணன் உண்டல்லோ" என்றார். அவர் சொன்னது உள்ளதுதான், நான் என்ன சொல்வேன்? சத்யபாமா எழுந்து, "உண்டுன்னா எங்க? நீரு கண்டீரா? அக்கா செத்துக் கெடந்தப்ப கண்டீரா?" என்று கேட்டார். பிறகு கிருஷ்ணன்குட்டிதான் முதலில் கை தூக்கினார். மைதானத்தில் இருந்த எல்லாரும் தூக்கினார்கள். குற்றாலத்துக்கு யாரும் இல்லை என்று கிராம சபை பாஸாக்கியது.

சார், இதை உங்களை நோகடிக்க எழுதவில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து சொன்ன பொய் இது. மேலிருந்து ஆபீஸர்மார் வந்து கேட்டால் இடம் போய்விடும், பின்னால் காத்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் அவரை அழைத்துக்கொண்டு போவதானால் சந்தோஷம், நானே துணி கட்டி அனுப்புவேன். பார்க்க மட்டும் வருவதானால், ஆயா சுகிர்தபாய் வெள்ளறடைக்காரி, புது ஆள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் என்று சொல்ல வேண்டாம். ஊர்க்காரர் என்று சொன்னால் போதும்.

குழந்தைக்கு என் அன்பு.

ஸ்ரீகுமாரி


பிலாய்
15-3-1998

மெம்பர் ஸ்ரீகுமாரி அவர்களுக்கு, சௌக்கியத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் நான் வந்திருந்தேன். உங்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அக்கா வீட்டுப் பக்கமும் போகவில்லை. நேரே பகல் வீட்டுக்குப் போனேன்.

அவனை அழைத்துக்கொண்டு போகத்தான் ரயில் ஏறினேன். பாகீரதியிடம் சொல்லவில்லை, வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவன் திண்டில் உட்கார்ந்து காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தான். தலை வாரி, சட்டை பட்டன் எல்லாம் போட்டு, சுத்தமாக இருந்தான். சுமி பக்கத்தில் இருந்து பசை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தான். பத்து மாதத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்துக்கு நான் பூட்டிவைக்கச் சொன்னவன். என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணன், அண்ணன்" என்றான்.

ஆயா அடுப்படியிலிருந்து வந்தாள். "சார் இவனுக்கு ஆராக்கும்?" என்று கேட்டாள்.

அழைத்துப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது, சம்பந்தி நினைவுக்கு வந்தார். ஊர்க்காரன் என்று சொன்னேன்.

குற்றாலம் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை விட்டுவிட்டான். "ஊர்க்காரன்" என்று அவனும் ஆயாவிடம் சொன்னான். நான் எது சொன்னாலும் அவன் நம்புவான், சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

சிவானந்தம்